பாதி அளவு சமைத்தால் உப்பு ஏன் ஏறுகிறது?

பெரிய குடும்பத்துக்குச் சமைத்துப் பழகியவர் சொன்ன குறிப்பை இரண்டு பேருக்காக எடுத்தால், முதலில் காலை வாரிவிடுவது உப்புதான். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைத்திருப்போம், உப்பு உட்பட. கணக்கில் பிசகே இருக்காது. ஆனாலும் வாயில் வைக்க முடியாத கரிப்பு; போதாக்குறைக்கு அடியும் பிடித்திருக்கும். "உனக்கு இன்னும் கைப்பக்குவம் வரலை" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு கிடையாது. கையின் மேல் பழி போடுமுன் அடுப்பை விசாரிக்க வேண்டும்.

ஒரு சூப்பை வைத்துப் பார்ப்போம். 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்கவிட்டு, 300 மி.லி. வற்றியதும் இறக்குகிறோம். மிச்சம் 700 மி.லி. அதில் 7 கிராம் உப்பு, அதாவது 1 சதவீதம். பலருடைய நாக்குக்கும் ஏறத்தாழ இது சரியாக இருக்கும். இப்போது எல்லாவற்றையும் பாதியாக்குவோம்: 500 மி.லி. தண்ணீர், 3.5 கிராம் உப்பு. அடுப்பும் தீயும் கொதிக்கும் நேரமும் பழையபடியே. தண்ணீரைப் பாதியாக்கிவிட்டோம் என்பதற்காக ஆவி பாதியாகிவிடாது. இப்போதும் ஏறத்தாழ 300 மி.லி.தான் வெளியேறும். பாத்திரத்தில் நிற்பது வெறும் 200 மி.லி., உப்பு 1.75 சதவீதம். அளந்து போட்டும் உப்பு ஏறியது இப்படித்தான்.

இரட்டிப்பாக்கினால் கதை தலைகீழ். 2 லிட்டர் தண்ணீர், 14 கிராம் உப்பு, வற்றுவது அதே 300 மி.லி. மிஞ்சும் 1.7 லிட்டரில் உப்பு 0.82 சதவீதம். சப்பென்றும் இருக்கும், தண்ணியாகவும் இருக்கும். "நிறைய பேருக்குச் செய்தால் ருசி வராது" என்ற பேச்சில் பாதி இங்கேதான் கிளம்புகிறது.

ஆவி ஏன் நம் விகிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை? 1 கிலோ தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற ஏறத்தாழ 335 கிலோஜூல் ஆற்றல் போதும். அதே தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய ஆறேமுக்கால் மடங்கு. கொதிக்கத் தொடங்கியபின் அடுப்பு தரும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது. ஆகவே நிமிடத்துக்கு எவ்வளவு வற்றும் என்பதைத் தீர்மானிப்பது தீயின் வலு. பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. கொதிநிலைக்குக் கீழே மெல்லிய சூட்டில் நிற்கும்போது பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

திருத்தம் எளிது. வற்றும் தண்ணீரைத் தனிக் கணக்காக வைத்துக்கொண்டால் போதும். பாதி சூப்புக்குத் தேவை 350 மி.லி., வற்றுவதற்கு 300 மி.லி., ஆக 650 மி.லி. ஊற்ற வேண்டும். இரட்டிப்புக்கு 1.4 லிட்டரோடு அதே 300 சேர்த்து 1.7 லிட்டர். உப்பு மட்டும் நேர்விகிதத்தில் நடக்கட்டும். "இரண்டு மடங்கு சமைக்கும்போது உப்பை இரண்டு மடங்கு போடாதே" என்று சொல்பவர்கள் உண்டு. முடிவில் நிற்கும் அளவு சரியாக இரண்டு மடங்கு என்றால் உப்பும் சரியாக இரண்டு மடங்குதான். சோறு வடிக்காமல் பொங்கும்போதும் இதே விதி: அரிசி உறிஞ்சும் தண்ணீர் அரிசியோடு கூடும், மூடியின் இடுக்கில் தப்பும் ஆவி அப்படிக் கூடாது. அரிசியை இரட்டிப்பாக்கித் தண்ணீரையும் அப்படியே இரட்டிப்பாக்கினால் சோறு குழைவது அதனால்தான்.

அடுத்த வில்லன் வெங்காயம். "வெங்காயம் பொன்னிறமாகும் வரை 5 நிமிடம் வதக்கவும்" என்று எழுதுகிறவர்கள் எந்த அடுப்பில் வதக்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வெங்காயத்தின் எடையில் ஏறத்தாழ 89 சதவீதம் தண்ணீர். அரை கிலோ வெங்காயத்தில் 445 கிராம். அதில் 300 கிராமாவது போனபின்தான் நிறம் ஒழுங்காகப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆகும் ஆற்றல் சுமார் 680 கிலோஜூல். சட்டிக்குள் நொடிக்கு 1 கிலோஜூல் வெப்பம் இறங்குகிறது என்றால் தண்ணீரை விரட்டவே 11 நிமிடத்துக்கு மேல். ஒரு கிலோ என்றால் 22 நிமிடம் தாண்டும். வேறு வழியே இல்லை, தீயைக் கூட்டலாம் அல்லது இரண்டு அடுப்பில் இரண்டு சட்டி வைக்கலாம்.

சட்டியின் பக்கத்திலேயே நின்று கவனித்தால் இந்தக் கணக்கு காதில் கேட்கும். வெங்காயத்தைப் போட்டதும் எழும் 'சொர்ர்' என்ற இரைச்சல், ஈரம் ஆவியாகி எண்ணெயைக் கிழித்து வெளியேறும் சத்தம். துண்டுகள் கண்ணாடி மாதிரி ஆகும், துவளும், சட்டி நிறைய இருந்தது பாதியாகும், ஆனால் நிறம் மட்டும் அசையாது. ஈரம் இருக்கும்வரை துண்டின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்ட முடியாது. பழுப்பேற்றும் வேதிவினையோ 140 டிகிரிக்கு மேல்தான் மும்முரமாகும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் இந்த வினையை 1912-ல் விவரித்தவர் லூயி கமீல் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் தணிந்து படபடவென்ற சன்னமான வெடிப்பாக மாறும். கண்ணைக் கரிக்கவைத்த கந்தக நெடி போய் இனிப்பான வாசனை வரும். மெல்லிய ஓரங்கள் முதலில் காய்வதால் அங்கேதான் முதல் பழுப்பு தெரியும். அதன்பின் ஓடும் வேகம் பயங்கரம். பொன்னிறத்திலிருந்து கருகலுக்கு ஓரிரு நிமிடம்தான். இத்தனை நேரம் தண்ணீர் பிடித்துவைத்திருந்த கடிவாளம் அறுந்துவிட்டதல்லவா.

ஒரே சட்டியில் அளவை இரட்டிப்பாக்கினால் நேரம் மட்டுமல்ல, குணமும் மாறும். அடியில் இருக்கும் துண்டுகளின் ஆவி மேலே இருப்பவற்றை வேகவைக்கும். நிறம் வருமுன் குழைந்துவிடும். அகலமான சட்டிக்கு மாறினால் இது தீரும். 20 செ.மீ. சட்டிக்குப் பதில் 25 செ.மீ. எடுத்தால் விட்டம் கூடியது கால் பங்கு, பரப்பு கூடியதோ 56 சதவீதம். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் காரத்தன்மையில் பழுப்பு விரைவாக ஏறும். சிட்டிகை என்பது சிட்டிகைதான். கூடினால் சோப்பு வாடையோடு கூழாகிவிடும்.

துண்டின் பருமனுக்கு வேறொரு சட்டம். ஒரு பொருளின் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச்சேரும் நேரம் பருமனின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும்; பருமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. 2 செ.மீ. உருளைக்கிழங்குத் துண்டு பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்தால், 4 செ.மீ. துண்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். குறிப்பில் "உருளைக்கிழங்கை நறுக்கவும்" என்று மட்டும் இருந்தால் அதற்கடுத்து வரும் நிமிடக் கணக்கை நம்புவதில் பயனில்லை. ஒரே அச்சில் இரண்டு மடங்கு உயரத்துக்கு ஊற்றிய கேக், வெளியே கருகி உள்ளே மாவாக நிற்பதற்கும் இந்த வர்க்கமே காரணம். அகலமான தட்டில் பழைய உயரத்துக்கே ஊற்றிவிட்டால் நேரம் பெரிதாக மாறாது.

இனி பயறு. "பயறு வேகுமுன் உப்புப் போடாதே, தக்காளியும் போடாதே" என்று சேர்த்தே சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டில் ஒன்று சரி, ஒன்று தப்பு. பயறின் செல்களைச் செங்கல் என்று வைத்தால் இடையில் பூசிய சாந்து பெக்டின். அது கரைந்தால்தான் பயறு மெத்தென்று ஆகும். அந்தச் சாந்தை இறுக்கிப் பிடிப்பவை கால்சியமும் மக்னீசியமும். புளிப்புப் பொருள் சேர்ந்தால் பெக்டின் கரையத் தயங்கும். தக்காளியை முதலிலேயே போட்டால் பயறு மணிக்கணக்கில் வேகாமல் அடம் பிடிக்கும். உப்போ நேர்மாறு. ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் அதன் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து, பயறு நன்றாகவே வேகும். உப்பு வீணாகப் பழி சுமக்கிறது. அதே குறிப்பு, அதே பயறு, ஆனால் வீடு மாறியபின் வேகவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படலாம். கடின நீரில் கால்சியம் அதிகம். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறுக்குள்ளேயே கூட கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டுப் பெக்டினோடு சேர்ந்துவிடும். அது எவ்வளவு ஊறினாலும் கல்லுதான்.

வசதிக்காகப் பாத்திரத்தை மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரஷர் குக்கரில் வளிமண்டலத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேரும்போது தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். 1679-லேயே டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இந்த உத்தியில் பாத்திரம் செய்துவிட்டார். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் வற்றாது, பழுப்பும் பெரிதாக ஏறாது. ஆகவே வதக்கல் முன்பே முடிந்திருக்க வேண்டும், தண்ணீரும் குறைய வேண்டும். கொதிநிலைக்குக் கீழே மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கர் எதிர்ப்பக்கம். காய்ந்த சிவப்பு ராஜ்மாவை அதில் நேராகப் போடக்கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் 80 டிகிரியில் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும். 30 நிமிடம் என்று சொல்கிறவர்களும் உண்டு, நான் அவர்கள் கட்சி. சமையலில் எதை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம், இதை மாற்றக்கூடாது.

அளவுக் கரண்டிகளைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. தலைதட்டி அளப்பதை 1896-ல் அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர் தன் சமையல் நூல் மூலம் பரவலாக்கினார். ஆனாலும் கப் என்பது கன அளவுதானே. சலித்துத் தூவிய மைதா ஒரு கப் 120 கிராம் அளவில் நிற்கும், அமுக்கி அள்ளினால் 150 வரை போகும். தூள் உப்பும் கல் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. சிறிய எடைத்தராசு ஒன்று இருந்தால் குடும்பத்தில் பல வாக்குவாதங்கள் குறையும்.

பெரிய பாத்திரத்தில் சமைத்தவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி. உருவம் பெரிதாகும்போது கன அளவு கூடும் வேகத்தில் பரப்பு கூடாது என்பதை 1638-லேயே கலிலியோ எலும்புகளை உதாரணம் காட்டி விளக்கினார். சூடு வெளியேறுவது பரப்பின் வழியாக. ஆகவே பெரிய சட்டி சூப்பின் நடுப்பகுதி இரவு முழுக்க வெதுவெதுப்பாகவே கிடக்கும். சூட்டைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியா வித்துகளுக்கு அது கொண்டாட்டம். சில கிருமிகள் விடும் நச்சு மறுநாள் எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் வழக்கமான அளவுகோல். மூடிவைத்துக் காத்திருந்தால் அது நடக்காது. இரண்டு மூன்று விரல் உயரத்துக்கு அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அடியில் குளிர்ந்த தண்ணீர் வைத்து அவ்வப்போது கிளறிவிட்டு, ஆறியதும் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள்.