டெஸ்ட் எல்லாம் நார்மல், இன்ஹேலரும் கேக்கல, அப்ப மூச்சு எங்க தான் அடைக்குது?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருந்தாங்க. கொஞ்ச வருஷமாவே திடீர் திடீர்னு தொண்டைய யாரோ கவ்வி பிடிக்குற மாதிரி ஆகுதாம், மூச்ச உள்ள இழுக்க முடியாம கொர்ருனு ஒரு சத்தம் வருதாம், அப்புறம் வந்த வேகத்துலயே போயிடுதாம். எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, தைராய்டு, சிடி எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ஆஸ்துமான்னு இன்ஹேலர் குடுத்தார், அடுத்தவர் கேஸ்னு மாத்திரை குடுத்தார், மூணாவது ஆள் "டென்ஷன் தான்மா, மனச லேசா வெச்சுக்கோங்க"ன்னு அனுப்பிட்டார். மாமியார் தாயத்து கட்டி விட்டிருக்காங்க. "எனக்கு நிஜமாவே ஏதாச்சும் இருக்கா, இல்ல நானா நெனச்சுக்கறேனா"ன்னு கேட்டு முடிச்சிருந்தாங்க.

அவங்களுக்கு என்னன்னு நான் சொல்ல முடியாது, நான் டாக்டர் இல்ல. ஆனா இத்தனை பேர் பாத்தும் ஒரு பேர யாரும் எடுக்கவே இல்லயேன்னு தோணுச்சு. வோக்கல் கார்ட் டிஸ்ஃபங்ஷன், சுருக்கமா விசிடி. இப்ப புதுசா இன்ட்யூசிபிள் லாரிஞ்சியல் அப்ஸ்ட்ரக்ஷன்னும் சொல்றாங்க. நுரையீரல் நல்லா இருக்கும், இதயம் நல்லா இருக்கும், மூச்ச உள்ள இழுக்குற நேரம் பாத்து குரல் நாண் மூடிக்கும். அவ்ளோதான் வியாதி. ஆனா அந்த "அவ்ளோதான்" எப்படி நடக்குதுன்னு பாத்தா எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல.

மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல் எல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சது தான், தாண்டிடுவோம். நடுவுல குரல்வளைனு ஒரு எடம் இருக்குல்ல, அதுக்குள்ள சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துல ரெண்டு ஈரமான சதை மடிப்பு, அது தான் குரல் நாண், முன்பக்கம் ரெண்டும் சேந்தே இருக்கும், பின்பக்கம் விரிஞ்சு சுருங்கும். இத நாம பேசுறதுக்கும் பாடுறதுக்கும் குடுத்ததுன்னு நெனைக்குறோம், ஆனா அதோட முதல் வேலை காவல். நுரையீரல் உள்ள மீன்கள்லயே தண்ணி உள்ள போகாம மூடிக்கிற ஒரு சின்ன தசை இருக்கு, குரல் எல்லாம் ரொம்ப பின்னாடி வந்த உபரி. தண்ணிக் குடத்த தூக்கும்போது உங்கள அறியாம மூச்ச அடக்குவீங்க பாருங்க, அப்ப தொண்டைக்குள்ள டப்புனு மூடுதே, அது இதே ரெண்டு மடிப்பு தான்.

சாப்பிடும்போது புரை ஏறுறதும் இங்க தான். ஒரு பருக்கை சோறு தப்பா அந்தப் பக்கம் போச்சுன்னா, அங்க இருக்குற நரம்பு அத தொட்ட மாத்திரத்துல உணர்ந்து, மூளைத்தண்டு வரைக்கும் சேதி போய் திரும்பி, கண்ண சிமிட்டுறதுக்குள்ள வாசல் மூடிடும், அப்புறம் தான் இருமல். நாம தலைய தட்டி "யாரோ நெனைக்கிறாங்க"ன்னு சொல்வோம். வேலை செஞ்சது வேகஸ் நரம்போட ஒரு கிளை, பேரு வாங்குறது துபாய்ல இருக்குற மாமா.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச எடத்துக்கு வர்றேன். இந்த வாசல மூடுறதுக்கு பல தசைகள் இருக்கு. தெறக்குறதுக்கு? பக்கத்துக்கு ஒண்ணே ஒண்ணு தான். போஸ்டீரியர் கிரைக்கோ ஆரிட்டினாய்டுனு வாய்ல நுழையாத பேரு, குரல்வளைக்கு பின்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குற ஒரு சின்ன தசை. நாம ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும், உதரவிதானம் கீழ இறங்க ஆரம்பிக்கிறதுக்கு ஒரு நொடியில சின்னப் பங்கு நேரம் முன்னாடியே இந்த தசை இழுத்து வாசல தெறந்து வெச்சிடுது. காத்து வந்து தட்டுற வரைக்கும் காத்திருக்கறதில்ல. பிறந்ததுல இருந்து சாகுற வரைக்கும், தூக்கத்துலயும் சேத்து. கல்யாண மண்டபத்துல ஒரே ஆள் கதவ தெறக்க, நாலு பேர் அத சாத்த நிக்குற மாதிரி ஏற்பாடு, ஆனாலும் பெரும்பாலான பேருக்கு வாழ்நாள் முழுக்க பிரச்சினையே வர்றதில்ல.

விசிடில இந்த ஒழுங்கு கெட்டுப் போகுது. இழுக்கும்போது விரிய வேண்டிய மடிப்பு நடுவுல வந்து சேருது, பின்னாடி மட்டும் வைர வடிவத்துல ஒரு சின்ன சந்து மிஞ்சும். சந்து சின்னதாச்சுன்னா காத்து வேகமா ஓடும், வேகமா ஓடுனா அங்க அழுத்தம் கொறையும், கொறஞ்சா மடிப்பு ரெண்டும் இன்னும் உள்ள இழுபடும். பெர்னூலி படிச்சோமே, அதே தான். அதனால பயந்துபோய் வாயத் தெறந்து பலங்கொண்ட மட்டும் இழுத்தா இன்னும் இறுகும். பாதி அட்டாக்க நடத்துறது பயம் இல்ல, பிசிக்ஸ்.

இன்ஹேலர் ஏன் கேக்கலன்னும் இப்ப புரிஞ்சிருக்கும். அதுல இருக்குற சால்பியூட்டமால் நுரையீரல் குழாய்கள சுத்தி இருக்குற மென்தசைய தளர்த்துற மருந்து. குரல் நாண ஆட்டுறது கை கால்ல இருக்குற அதே ரக எலும்புத் தசை, அதுக்கு இந்த மருந்தோட பேச்சு எட்டாது. ஆஸ்துமால பெரும்பாலும் மூச்ச வெளிய விடத்தான் திணறல், வீசிங் நெஞ்சுல கேக்கும். இங்க உள்ள இழுக்கத்தான் திணறல், சத்தம் கழுத்துல இருந்து வரும். பல்ஸ் ஆக்சிமீட்டர்ல 98 காட்டும், ஏன்னா அந்த சின்ன சந்து வழியா தேவையான அளவு காத்து போயிடுது. அத பாத்துட்டு டியூட்டி டாக்டர் "உங்களுக்கு ஒண்ணும் இல்ல"ம்பார்.

இந்த "ஒண்ணும் இல்ல"வுக்கு பெரிய சரித்திரம் இருக்கு. 1854ல மானுவல் கார்சியான்னு ஒரு பாட்டு வாத்தியார், டாக்டர் கூட இல்ல, பல் டாக்டர் கண்ணாடிய தன் தொண்டைக்குள்ள விட்டு, கைக்கண்ணாடியால வெயில அதுல அடிச்சு, தன்னோட குரல் நாண தானே பாத்தார். அதுக்கப்புறம் டாக்டர்களும் பாக்க ஆரம்பிச்சாங்க, ஆனா இந்த மாதிரி மூடிக்கிறத பாத்தா ஹிஸ்டீரியான்னு எழுதி வெச்சாங்க. 1974ல கூட ஒரு ஆய்வுக் கட்டுரை இதுக்கு "மன்ச்சாசன் ஸ்ட்ரைடர்"னு பேர் வெச்சுது, அதாவது நோயாளி நடிக்கிறாங்கன்னு அர்த்தம். 1983ல தான் அமெரிக்காவுல டென்வர்ல அஞ்சு நோயாளிகள வெச்சு, இது ஆஸ்துமா வேஷம் போடுற குரல் நாண் கோளாறுன்னு தெளிவா எழுதினாங்க. அதே டென்வர்ல இருந்து 1995ல வந்த இன்னொரு ஆய்வுல விசிடி உள்ள 95 பேர், அதுல 42 பேருக்கு ஆஸ்துமாவே கிடையாது, ஆனா சராசரியா 4.8 வருஷம் ஆஸ்துமான்னு வைத்தியம் பாத்திருக்காங்க, அவங்கள்ல பெரும்பாலானவங்க ஸ்டீராய்டு மாத்திரை வேற முழுங்கிட்டு இருந்திருக்காங்க.

என் சொந்த ஆத்திரம் ஒண்ண இங்க கொட்டிடறேன். இதுக்கு முக்கிய வைத்தியம் ஸ்பீச் தெரபி, விக்கறதுக்கு புது மாத்திரை எதுவும் இல்ல, அதனால எந்த மருந்து கம்பெனிக்கு இதுல ஆராய்ச்சிப் பணம் போட ஆசை வரும்? அரசாங்கம் தான் போடணும். ஈஎன்டி நுரையீரல் டாக்டர கை காட்ட, அவர் மனநல டாக்டர கை காட்ட, நோயாளி ஃபைல தூக்கிட்டு அலையுறாங்க.

சரி, டயக்னோசிஸ் கெடைக்கிற வரைக்கும் என்ன பண்றது. அட்டாக் வரும்போது பக்கத்துல இருக்குறவங்கள மொபைல்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, கழுத்து தெரியணும், சத்தம் கேக்கணும். எப்ப வந்துச்சுன்னு எழுதி வைங்க: மிளகா தாளிச்ச நெடியா, ஊதுபத்தியா, சென்ட்டா, மாடிப்படியா, சாப்பிட்டு உடனே படுத்ததா, சளி புடிச்சதுக்கு அப்புறமா. நெஞ்செரிச்சல், மூக்குல இருந்து தொண்டைக்கு சளி எறங்குறது இதெல்லாம் அந்த எடத்து நரம்ப ரொம்ப உஷாராக்கி வெச்சிடும், அப்ப சின்ன நெடிக்கே கதவு மூடும். ஈஎன்டி கிட்ட மூக்கு வழியா விடுற சின்ன கேமரா டெஸ்ட் பத்தி கேளுங்க. ஆனா ஒண்ணு, அட்டாக் இல்லாத நேரத்துல பாத்தா எல்லாம் அழகா விரிஞ்சு மூடும், நார்மல்னு தான் வரும். அதனால தூண்டி விட்டுப் பாக்கணும், நார்வேல பெர்கன்ல ஓட விட்டுக்கிட்டே கேமராவுல பாக்குற முறைய உருவாக்கியிருக்காங்க. ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊத வெச்சு மூச்ச அளக்குற டெஸ்ட் எடுத்தா, அந்த வரைபடத்துல மூச்ச உள்ள இழுக்குற பக்கத்துக் கோடையும் பாக்கச் சொல்லுங்க, அது தட்டையா இருந்தா நல்ல துப்பு.

ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லித் தர்றதுல ஒண்ணு: வாய மூடிக்கிட்டு மூக்கால சின்னதா ரெண்டு தடவை மல்லிப்பூ மோந்து பாக்குற அளவுக்கு இழுத்து, அப்புறம் உதட்ட குவிச்சு மெதுவா ஊதி விடறது. மோந்து பாக்குற அசைவுக்கு அந்த ஒத்த தசை நல்லா வேலை செஞ்சு வாசல விரிக்கும், மெதுவா விடும்போது அந்த உறிஞ்சல் கொறையும். நல்லா இருக்குற நேரத்துல பழகி வெச்சா தான் அட்டாக் நேரத்துல வரும்.

உதடு நீலமாச்சுன்னா, சாப்பிட்டதும் நாக்கோ முகமோ வீங்குச்சுன்னா, எச்சில் கூட முழுங்க முடியலன்னா இதெல்லாம் பாத்துட்டு இருக்காதீங்க, 108. மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியே இருந்தாலும் காட்டணும். இடது பக்க குரல் நரம்பு நேரா வராம நெஞ்சுக்குள்ள போய் மகாதமனிய சுத்திட்டு தான் மேல ஏறுது, அதனால நெஞ்சுல இருக்குற கோளாறு கூட குரல்ல தெரியும்.

கடைசியா, இத படிச்சுட்டு இன்ஹேலர தூக்கி குப்பைல போட்டுடாதீங்க. 1995 ஆய்வுல மிச்சம் இருந்த 53 பேருக்கு விசிடியும் இருந்துச்சு, ஆஸ்துமாவும் இருந்துச்சு.