கறுமணலைப் பிரித்தால் குழிக்குள் என்ன மிஞ்சும்?

மாரி ஓய்ந்து வாடைக்காற்றுத் தணியும் நாட்களில் இலங்கையின் வடகிழக்கே கொக்கிளாய்ப் பக்கத்துக் கரையில் நடந்தால், வெள்ளை மணலுக்குள் கறுத்த பட்டிகள் ஓடுவதைக் காணலாம். கப்பல் எண்ணெய் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்: அதே அளவு வெள்ளை மணலைவிடத் தெளிவாகக் கனக்கும். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை அதன் மேல் இழுத்தால் சில மணிகள் ஓடி ஒட்டும். அவை மக்னடைட். அசையாமல் கிடக்கும் கறுப்பு மணிகளில் பெரும்பாலானவை இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த அந்த ஒட்சைட்டுக்காகவே ஆலைகள் நிற்கின்றன. பெயின்ட், பற்பசை, காகிதம் ஆகியவற்றின் வெண்மை அதிலிருந்து எடுக்கும் டைட்டேனியம் டையொக்சைட்டால் வருகிறது.

இந்த மணலைத் தரம் பிரிக்கும் முதல் வேலையாள் கடல்தான். உள்நாட்டுப் பாறைகள் காலங்காலமாக உக்கி, ஆறுகளோடு கடலுக்கு வந்த மணிகளை அலை கரையேற்றுகிறது. ஏறும் அலைக்கு வேகம் அதிகம், எல்லாவற்றையும் தூக்கிவரும். திரும்பும் தண்ணீரில் பாதி மணலுக்குள் சுவறிவிடுவதால் அதற்கு வலுக் குறைவு. வெள்ளை மணலான இலேசான குவாட்ஸ் மணிகளை அது இழுத்துப் போகும், பாரமானவை தங்கிவிடும். ஒவ்வொரு வடகீழ்ப் பருவத்திலும் இது இலட்சக்கணக்கான தடவை நடக்கிறது. கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில் இந்தக் கழுவல் உச்சத்துக்குப் போயிருக்கிறது. அங்குள்ள மணலில் எடைப்படி ஏறத்தாழ 70 வீதம் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்ற வேறு இரண்டு பாரமான கனிமங்கள் தலா எட்டுப் பத்து வீதம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. உலகின் பல கனிய மணல் அகழ்வுகள் பத்து வீதத்துக்கும் குறைவான பாரமணலை, அதாவது இத்தகைய பாரமான கனிம மணிகளை, நம்பியே நடக்கின்றன.

ஆலை செய்வதும் புதிதல்ல. அரிசியில் கல் அரிக்கும் அரிக்கன்சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியைச் சுழற்றிச் சுழற்றித் தண்ணீரோடு அரிசியை வார்த்தால் கல் உட்புற வரிப்பள்ளங்களில் தங்கும். தண்ணீர் இங்கே வெறும் வாகனமல்ல, வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்டும் கருவி. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் குவாட்ஸ் 2.65, இல்மனைட் 4.7 அளவில். காற்றில் இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.8 மடங்குகூட இல்லை. தண்ணீருக்குள் போட்டால் இரண்டிலிருந்தும் 1 கழிகிறது: 3.7க்கு 1.65, அதாவது 2.2 மடங்கு. சுளகால் புடைப்பதைவிடச் சட்டியில் அரிப்பது துப்புரவாக இருப்பதன் காரணமும் இதுவே.

ஆலையில் சட்டியின் இடத்தில் இருப்பது ஸ்பைரல் என்ற சுருள் வாய்க்கால். 1943இல் அமெரிக்கரான ஹம்ஃப்ரீஸ் கடற்கரை மணலுக்காக உருவாக்கியது. ஒரு கம்பத்தைச் சுற்றி ஐந்து முதல் ஏழு சுற்றுகள் இறங்கும் சரிவான வாய்க்கால் அது. 1 மில்லிமீற்றர் அளவு கண்ணில் சலித்து, சிப்பி, வேர், குப்பை நீக்கிய மணலைத் தண்ணீரோடு கலந்து மேலே விடுவார்கள். எடையில் 25 முதல் 40 வீதம் மணல், மீதி தண்ணீர். வாய்க்காலின் அடியில் தண்ணீர் உராய்ந்து மெதுவாகவும் மேலே விரைவாகவும் ஓடும். விரைவான மேல்நீர் வெளி விளிம்புக்கு ஏறி இலேசான குவாட்ஸைக் கொண்டுபோகும். அடியோடு ஊரும் பாரமணல் உள் விளிம்புக்கு இறங்கும். கீழே வரும்போது கறுப்புப் பட்டியும் வெள்ளைப் பட்டியும் கண்ணுக்கே தெரியும். இடையில் ஒரு தகட்டை நிறுத்தி இரண்டையும் தனித்தனிக் குழாயில் வாங்கினால் சரி.

வாய்க்கால் பிழைவிடும் இடம் பெரும்பாலும் மணியின் பருமன். தண்ணீர் அடர்த்தியை மட்டும் பார்ப்பதில்லை. 0.1 மில்லிமீற்றர் இல்மனைட் மணியும் அதைவிட 1.5 முதல் 2.2 மடங்கு பருத்த குவாட்ஸ் மணியும் ஒரே வேகத்தில் அமிழக்கூடும். பரும்படி மணலைச் சலிக்காமல் விட்டால் பருத்த குவாட்ஸ் கறுப்போடும், நுண்ணிய இல்மனைட் வெள்ளையோடும் போய்விடும். களப்போரச் சேற்று மண் கலந்தால் தண்ணீர் தடிக்கும், எல்லா மணியும் மிதந்தபடி ஓடும். ஆகவே சேற்றை முதலில் கழுவி அகற்ற வேண்டும். மணல் ஊட்டும் பம்பி விட்டுவிட்டு அடித்தால் பட்டிகள் இடம் மாறும், தகடு நின்ற இடத்தில் நிற்கும், நல்ல மணல் கழிவுக்குள் போகும். இது சட்டென்று கண்ணில் படாத நட்டம். கழிவு வாயில் ஒரு கை மணலை அள்ளிக் கறுப்பு இருக்கிறதா என்று மணிக்கொரு தடவை பார்ப்பதே மலிவான பரிசோதனை.

சுருளைத் தாண்டியபின் அடர்த்தி உதவாது. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் மூன்றும் 4.2க்கும் 4.8க்கும் இடையில் நெருங்கி நிற்பவை. இனி மணலிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. காந்தம் இழுக்குமா? மின்சாரம் கடத்துமா? இல்மனைட் இரண்டுக்கும் ஆம். ரூட்டைலைக் காந்தம் இழுக்காது, ஆனால் அது மின்சாரம் கடத்தும். சிர்க்கோன் இரண்டுக்கும் இல்லை. இவற்றோடு சிறிதளவு கலந்திருக்கும் மொனசைட் என்ற கனிமத்தை வலுவான காந்தம் மட்டும் மெல்ல இழுக்கும், அது மின்சாரம் கடத்தாது. நான்கு கனிமத்துக்கு நான்கு விடை. எனக்கு இந்தத் தொழிலிலேயே மிக அழகான இடம் இதுதான்.

வலுக்குறைந்த காந்தம் மக்னடைட்டை முதலில் எடுத்துவிடும். எடுக்காமல் விட்டால் அடுத்து வரும் வலுவான காந்த உருளையில் அது பாசிபோல ஒட்டி வழியை அடைக்கும். வலுவான காந்தம் இல்மனைட்டை இழுத்தபின், மிஞ்சிய மணலைச் சூடாக்கி, நிலத்தொடுப்புள்ள சுழலும் உலோக உருளையின் மேல் மெல்லிய படையாக விடுவார்கள். அருகே 20, 30 ஆயிரம் வோல்ற்றில் ஒரு கம்பி எல்லா மணிக்கும் மின்னேற்றம் தெளிக்கும். ரூட்டைல் அந்த ஏற்றத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டு எறிபட்டு முன்னே விழும். சிர்க்கோன் ஏற்றத்தை விடாமல் உருளையோடு ஒட்டிச் சுற்றிப் போகும், பின்னால் உள்ள தூரிகை அதைத் தட்டிவிடும்.

கடல்மணல் ஆலைகளின் பெரும் தலைவலி இந்த இடத்தில்தான். மணியின் மேல் உப்புப் படலம் இருந்தால் அது ஈரத்தை உறிஞ்சி, சிர்க்கோனும் மின்சாரம் கடத்துவதுபோல் நடந்துகொள்ளும். எத்தனை தடவை உருளையில் விட்டாலும் பிரியாது. ஆகவே காயவைக்க முன் நன்னீரில் கழுவியே ஆகவேண்டும். நன்னீருக்கு வறட்சிக் காலத்தில் குளத்தைப் பார்த்திருக்கும் வன்னியில் இது ஆலைக்கணக்கு மட்டுமல்ல, வயற்கணக்கும்கூட. கழுவிய நீரைத் தெளியவிட்டு மீளப் பாவிக்கும் தொட்டி இல்லாத திட்டத்தை ஏற்கக்கூடாது.

மொனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிர்வீசும். கரையில் பரந்து கிடக்கும்போது அளவு சிறிது. ஆலை மற்றவற்றை எடுக்க எடுக்க, மிஞ்சும் குவியலில் அது செறிகிறது. அந்தக் குவியலைத் தனியே அளந்து மூடிவைக்க வேண்டும். வீட்டு அத்திவாரத்துக்கோ ஒழுங்கைக்கோ நிரப்புமண்ணாகக் கொடுக்கவே கூடாது. பொதுமக்களுக்கான மேலதிகக் கதிர்வீச்சு எல்லை ஆண்டுக்கு 1 மில்லிசீவெற். உள்ளே வேலை செய்பவருக்குத் தூசியை மூச்சோடு இழுப்பதே பெரிய ஆபத்து. உலர்பகுதியில் மூடிய வாளியேற்றியும் தூசி உறிஞ்சியும் முதல் தேவை, முகக்கவசம் அதற்குப் பிறகு.

அகழும் குழியில் ஆளைக் கொல்வது ஈரமணல். ஈரம் மணிகளைப் பிடித்து வைத்திருப்பதால் சுவர் செங்குத்தாக நிற்கும். வெயிலில் காய்ந்ததும் அந்தப் பிடி போய், மணல் ஏறத்தாழ 34 பாகைச் சரிவுக்குத் திடீரென இறங்கும். ஒரு கன மீற்றர் மணல் 1.6 தொன் அளவில் கனக்கும். நெஞ்சுவரை புதைந்தவரால் மூச்செடுக்க முடியாது. கயிறு கட்டி இழுத்தாலும் வரமாட்டார், முறிவுதான் மிஞ்சும். பலகையால் அணைகொடுத்து மணலை அள்ளித்தான் எடுக்க வேண்டும். ஆற்றுமணல் குழிகளுக்கும் இதே விதி.

இனிக் குழியின் கணக்கு. பாரமணல் பத்து வீதமே உள்ள கரையில், அள்ளியதில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பக் குழிக்குள் போகும். நமது கரை செழிப்பானது என்பதுதான் இங்கே சிக்கல். பாரமணல் எடையில் 80 வீதம் என்று வைப்போம். 100 தொன் அள்ளினால் திரும்பி வருவது 20 தொன் வெள்ளை மணல். அது இலேசானதால் இடத்தைச் சற்றுக் கூட அடைக்கும், அப்படியும் குழியின் பத்தில் மூன்று பங்குதான் நிரம்பும். மீதியைக் கடல் கொண்டுவந்தால் உண்டு. கொண்டுவரும் வேகத்துக்கு மேலாக அள்ளினால் கரை தாழும், கரைவலை இழுக்கும் சரிவு மாறும், கிணறும் பாதிக்கும். கரையோர நன்னீர் உப்புநீரின் மேல் மிதப்பது; கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும். மன்னார்த் தீவிலும் இதே கணக்குத்தான். மணல்மேட்டை வெட்டி நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாகத் தாழ்ந்தால், காலப்போக்கில் உப்பு 4 மீற்றர் மேலே வரும்.

கரை தாழ்கிறதா என்பதை ஊரவர்களே அளக்கலாம். 1.5 மீற்றர் நீளத்தில் சென்ரிமீற்றர் குறித்த இரண்டு தடிகள் போதும். அசையாத ஒரு கம்பத்தில் தொடங்கி, கடலை நோக்கி 1.5 மீற்றருக்கு ஒரு தடவை வைத்துச் செல்லுங்கள். மேட்டுப்பக்கத் தடியில் கண்ணை வைத்து, கடற்பக்கத் தடியின் நுனியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். அந்தக் கோடு உங்கள் தடியை வெட்டும் இடம் நுனியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவே கரையின் இறக்கம். புரட்டாதியில் ஒரு தடவையும் மாசியில் ஒரு தடவையும், அதே கம்பத்திலிருந்து, அகழ்வு தொடங்க முந்திய ஆண்டிலிருந்தே அளந்து கொப்பியில் எழுதிவையுங்கள்.