அந்தரத்தில் நீளும் பாலம்

பின்வாங்கும் படை, தான் கடந்துவந்த பாலங்களைத் தகர்த்துவிட்டுத்தான் போகும். இரண்டாம் உலகப் போரில், 1943-இல் இத்தாலிக்குள் முன்னேறத் தொடங்கிய நேச நாட்டுப் படைகளை ஜெர்மானியர்கள் ஆற்றுக்கு ஆறு இப்படித்தான் தடுத்து நிறுத்தினார்கள். டாங்கிகள் வரிசையில் காத்திருக்க, ராணுவப் பொறியாளர்கள் பெரும்பாலும் இருட்டிலேயே, பெரிய கிரேன் எதுவும் இல்லாமல் பாலத்தை எழுப்ப வேண்டியிருந்தது.

அதைச் சாத்தியமாக்கியது பிரிட்டனின் பொறியாளர் டொனால்ட் பெய்லி 1940-இல் முன்வைத்த ‘பெய்லி பாலம்’ என்ற வடிவமைப்பு. 10 அடி நீளமும் ஏறக்குறைய 5 அடி உயரமும் கொண்ட எஃகுச் சட்டகமே அதன் அடிப்படை. எடை சுமார் 260 கிலோ, அதாவது ஆறு பேர் தூக்கும் பாரம். சட்டகங்களை முனையோடு முனை பொருத்தித் துளைகளில் எஃகு முளைகளைச் செருகினால் பாலத்தின் பக்கச் சுவர் நீண்டுகொண்டே போகும். இரு சுவர்களுக்கும் இடையே உத்தரங்களும் அவற்றின் மேல் பலகைத் தளமும் அமையும். கூடுதல் பாரம் தாங்க வேண்டுமானால், சுவரை இரட்டிப்பாக்கலாம் அல்லது மேலே இன்னொரு அடுக்கை ஏற்றலாம்.

ஆனால் உண்மையான சாமர்த்தியம், என் பார்வையில், பாலத்தை அக்கரை சேர்க்கும் விதத்தில்தான் இருக்கிறது. இக்கரையில் உருளைகளை வைத்து, அவற்றின் மேல் பாலத்தைக் கோத்துக் கோத்து முன்னே தள்ளுவார்கள். மொத்த அமைப்பின் ஈர்ப்பு மையம், முனை அக்கரையைத் தொடும்வரை உருளைகளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எல்லாம் ஆற்றுக்குள் கவிழ்ந்துவிடும். அதனால் முன்பகுதியில், அதே சட்டகங்களாலேயே, தளம் போடாத எடை குறைந்த ‘மூக்கு’ ஒன்றை இணைப்பார்கள்; கனமான உண்மைப் பாலம் பின்னால் எதிர்ப்பாரமாக நிற்கும். அந்தரத்தில் நீளும் மூக்கு தன் எடையாலும், முளைத்துளைகளில் உள்ள சிறு இடைவெளியாலும் தொங்கத்தான் செய்யும். முன்கூட்டியே அதன் நுனியைச் சற்று மேல்நோக்கி வளைத்து அமைப்பதால், தொங்கிய பிறகும் அக்கரை உருளைகளின் மேல் வந்து அமரும். பிறகு மூக்கைக் கழற்றி, பாலத்தை ஜாக்கிகளால் தாங்கிகளின் மேல் இறக்குவார்கள்.

ஆறு மிக அகலமாக இருந்தால் இம்முறை மட்டும் போதாது. 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில், சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு, மிதவைகள் தாங்கும் பெய்லி பாலத்தைக் கட்டினார்கள். வண்டி ஏறியதும் மிதவை சற்று அமிழ்கிறது. கூடுதலாக விலக்கப்படும் நீரின் எடை, வண்டியால் அதன்மேல் விழும் பாரத்துக்கு ஈடானதும் நின்றுவிடுகிறது. வண்டி நகர்ந்ததும் அது எழும்ப, அடுத்த மிதவை அமிழும்.