உப்பு காயாத ஊரில் ஒரு போர் விமானம்

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய தம்பி விமானப்படையில் வேலை பார்த்தவர். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்ததை அண்ணன் தம்பி இருவரும் டிவியில் பார்த்திருக்கிறார்கள். 1963-இல் நம் விமானப்படைக்கு வந்த விமானம், அறுபது வருஷத்துக்கும் மேல் பறந்திருக்கிறது. "அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி நம்ம ஊர்ப் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி நிறுத்தணும். பீடம் கட்ட, பெயின்ட் அடிக்க, திறப்பு விழா நடத்த ஊரில் நிதி திரட்டப் போகிறோம். அலுமினியம்தானே, துருவா பிடிக்கப் போகிறது? அதற்குப் பிறகு பெரிய செலவு இருக்காது இல்லையா?" என்று கேட்கிறார்.

அண்ணாச்சி, ஆசை நல்ல ஆசை. விமானப்படை ஓய்வு பெற்ற விமானங்களைக் காட்சிக்குக் கொடுப்பதும் உண்டு. ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு நிதி திரட்டக் கிளம்புங்கள். நீங்கள் செலவே இருக்காது என்று நினைக்கிற இடத்தில்தான் செலவு முழுவதும் இருக்கிறது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கும், இது பள்ளிக்கூடத்துப் பாடம். அந்தப் படலத்துக்கு எதிரி, உப்பில் இருக்கிற குளோரைடு. நம் வீடுகளில் ஈயச்சட்டி என்று சொல்கிற அலுமினியப் பாத்திரத்தில் உப்புப் போட்ட குழம்பை நாள்கணக்கில் வைத்துப் புழங்கியவர்களுக்குத் தெரியும். அடியில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழும், ஒரு நாள் அந்தப் புள்ளி வழியாகத் தண்ணீர் ஒழுகும்.

விமானத்தின் அலுமினியத்துக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சுத்த அலுமினியம் மிருதுவானது, பறக்கத் தாங்காது. 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர் சுமார் நான்கு சதவீதம் செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்துக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, அப்படியே போட்டு வைத்தார். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் அது தானாகவே கெட்டிப்பட்டிருந்தது. உள்ளே செம்பு அணுக்கள் சிறு சிறு கூட்டமாகச் சேர்ந்து, உலோக அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொண்டன. டியூரலுமின் என்று பெயர் வாங்கிய அந்த வகைக் கலவையின் வாரிசுகளால்தான் பெரும்பாலான போர் விமானங்களின் தோல் செய்யப்பட்டது. பலம் கொடுக்கிற அதே செம்புதான் பிரச்சினையும். செம்பு நிறைந்த துணுக்கும் பக்கத்து அலுமினியமும் ஈரம் பட்டால் குட்டி மின்கலம் ஆகிவிடும். கரைவது அலுமினியம். உலோகத்துக்குள் நெருக்கிக் கிடக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லைக்கோடு வழியாகவே அரிப்பு ஊர்ந்து போகும். அரித்து வந்த வெள்ளைப் பொடி கூடுதல் இடம் கேட்பதால், மழையில் நனைந்த நோட்டுப்புத்தகம் உப்பி விரிவதைப் போல் தகடு அடுக்கடுக்காகப் பிரியும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

இதெல்லாம் நடக்க ஈரம் வேண்டும். "எங்க ஊர் வறண்ட ஊராச்சே, வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் கொளுத்துதே" என்று நீங்கள் கேட்கலாம். நான் மணிக்கணக்காகப் பேசக்கூடிய விஷயத்துக்கு இப்போது வந்துவிட்டோம்.

அடுப்பங்கரையில் உப்பு மரவையைக் கவனித்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கல் உப்பு தானாக நீர் விட்டு நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, காற்றிலிருந்து உப்பே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு உப்புக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீராகக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே காய்ந்த படிகமாகவே கிடக்கும். ஆனால் கடல் உப்பு என்பது சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பை வாரி எடுத்த பிறகு பாத்தியில் ஒரு கசப்பு நீர் மிஞ்சும். அதன் கசப்புக்குப் பெரும் காரணம் மக்னீசிய உப்புகள். மக்னீசியம் குளோரைடின் கணக்கு எவ்வளவு தெரியுமா? 33 சதவீதம்தான். காற்றில் அவ்வளவு ஈரம் இருந்தாலே அது நீர்த்துளியாகிவிடும், நீர்த்துளியாகவே இருக்கும். அதனால்தான் சரியாகக் கழுவாத கல் உப்பு கசிந்துகொண்டே இருக்கிறது, சுத்திகரித்த தூள் உப்பு தாக்குப்பிடிக்கிறது.

இதை விமானத்துக்குக் கொண்டு போங்கள். அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் கண்ணுக்குத் தெரியாத துளிகளை மேலே தெறிக்கிறது. துளியின் நீர் ஆவியானாலும் உப்புத் துகள் காற்றோடு பல கிலோமீட்டர் பயணம் போகும். உவரியும் கூடங்குளமும் உங்களுக்கு எவ்வளவு தூரம்? போதாக்குறைக்கு ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பாய்ந்து வருகிறது. பணகுடி, முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் சுற்றுகிற காற்று அதுதானே. அந்தக் காற்று கொண்டுவரும் உப்பு, இறக்கையின் அடியில், தகடுகளைப் பிணைக்கிற ரிவெட் ஆணிகளின் தலை ஓரத்தில், இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விளிம்பில் போய் உட்காரும். சித்திரை உச்சிவெயிலில்கூட நம் பக்கத்துக் காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்துக்குக் கீழே அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை. அதாவது மனிதன் நாக்கு வறண்டு நிழல் தேடுகிற நேரத்திலும், அந்த ரிவெட்டின் இடுக்கில் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் காயாமல் இருக்கிறது. மின்கலம் வருஷம் 365 நாளும் ஓடுகிறது. ஒரு படிக உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சி, இவ்வளவு பெரிய யந்திரத்தை ஓசையில்லாமல் கரைப்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இன்னொன்று, பனி. ராத்திரியில் தெளிந்த வானத்தை நோக்கி உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக வீசிக்கொண்டே இருக்கும். வானத்திலிருந்து அதற்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். அதனால் சுற்றியுள்ள காற்றைவிடத் தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பூத்துவிடும். வெளியே நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீட் காலையில் நனைந்திருப்பதும், ஓலைக்கொட்டகைக்குள் நிறுத்தியது காய்ந்திருப்பதும் இதனால்தான். கொட்டகைக்குச் சுவர் வேண்டியதில்லை, வானத்தை மறைக்க மேலே ஒரு கூரை போதும். மூடுகிறேன் என்று தார்ப்பாயைச் சுற்றிக் கட்டுவது மட்டும் கூடாது, ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கூரை போட்டால் இன்னொரு வேலை சேரும். மழை வந்து உப்பைக் கழுவிவிடுகிற உபகாரம் நின்றுபோகும். மழை படாத இறக்கை அடிப்பக்கத்தில்தான் வழக்கமாக அரிப்பு மோசமாக இருப்பதைப் பார்க்கலாம். ஆகவே கூரையும் வேண்டும், கழுவலும் வேண்டும். எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் போர்வெல்லில் உப்புத்தண்ணி வருகிற இடங்கள் உண்டு. அதை வைத்துக் கழுவினால் பழைய உப்பை எடுத்துப் புது உப்பு வைக்கிற கதைதான். கூரையிலிருந்து வடியும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கழுவுங்கள், அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

பெயின்ட் அடிக்கும் முன் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். அங்கேயும் கவனம். பல விமானத் தகடுகளின் மேற்பரப்பில் சுத்த அலுமினியத்தால் ஒரு மெல்லிய கவசம் இருக்கும். பளபளப்புக்காக அதைத் தேய்த்தே எடுத்துவிட்டுப் பெயின்ட் அடித்தால், திறப்பு விழாப் படத்தில் அழகாக இருக்கும், சில வருஷத்தில் கொப்புளம் கிளம்பும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் அப்புவார்கள். பூஜை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது காய்ந்து, பொருக்காகி, அடியில் ஈரம் பிடிக்கும் முன்பு அன்று மாலையே நல்லதண்ணியில் துடைத்துவிடுங்கள். ஆனால் எலுமிச்சம்பழம் கட்டியாச்சு, திருஷ்டி கழிந்தது, இனி ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மக்னீசியம் குளோரைடுக்கு அது தெரியாது.

சரி, பணத்துக்கு வருவோம். நம் கோவில் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு என்று வரும், அணையாத விளக்கு. கொடையாளி விளக்கை வாங்கிக் கொடுத்ததோடு போய்விடவில்லை. தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளை ஒப்படைத்தார். அதை மேய்ப்பவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டிகள் பெருகுவதால் ஆட்டின் எண்ணிக்கை குறையாது என்று வைத்து, அதற்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ஆட்கள் விளக்கின் விலையையும் நெய்யின் விலையையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். விமானத்துக்கு நிதி திரட்டும் குழுக்கள் விளக்கை வாங்கிவிட்டு நெய்க்கு முழிக்கின்றன.

பிரிட்டனில் வல்கன் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று, எக்ஸ்.எச்.558, 1993-இல் விமானப்படையிலிருந்து விடைபெற்றது. அதை மறுபடி பறக்க வைக்கப் பாரம்பரிய லாட்டரி நிதியிலிருந்து 27 லட்சம் பவுண்ட் கிடைத்தது. மிச்சத்தைப் பொதுமக்கள் கொடுத்தார்கள். 2006-இல் பணம் தீர்ந்து திட்டமே நிற்கப் போன நேரத்தில் சர் ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் 5 லட்சம் பவுண்ட் கொடுத்துக் காப்பாற்றினார். 2007-இல் அது மறுபடி பறந்தது, 2015 அக்டோபரில் கடைசியாகப் பறந்தது. நடுவில் 2012 மே மாதம், ஈரத்தை உறிஞ்சுவதற்காக என்ஜின் வாயில் வைத்திருந்த சிலிக்கா ஜெல் பைகளை எடுக்க மறந்து இயக்கிவிட்டார்கள். இரண்டு என்ஜின்கள் நாசம். பை வைத்தால் எண்ணி வையுங்கள், எண்ணி எடுங்கள். பறக்கிறது என்றதும் அள்ளிக் கொடுத்த மக்களிடம், நின்றுவிட்ட பிறகு கொட்டகை கட்டப் பணம் கேட்டபோது அது கைகூடவில்லை. வல்கன் டான்காஸ்டரில் வெட்டவெளியில் நின்றது. எனக்கு மனசு கனத்த கதை இது.

விளம்பரத்துக்கு நான் ரசிக்கிற உதாரணம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் நிதி. ஒரு விமானத்துக்கு 5,000 பவுண்ட் என்று மொத்தமாக விலை வைத்ததோடு, உதிரிபாகங்களுக்கும் பட்டியல் போட்டார்கள். ஒரு ரிவெட் ஆறு பென்னி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடத் தன் காசில் எந்த ஆணி வாங்கினோம் என்று சொல்ல முடிந்தது. அந்தக் காலத்தில் நம் மெட்ராஸ் மாகாணத்திலும் போர் நிதி திரட்டப்பட்டது. பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆவது ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவு, 'மெட்ராஸ் மாகாணம்' என்ற பெயரையே தாங்கியிருந்தது. போரின்போது பிரான்ஸின் டன்கர்க் வானில் அந்த ஸ்குவாட்ரன் ஓட்டியது டிஃபயன்ட் விமானம். ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட டிஃபயன்ட்களில் முழு உருவோடு இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில்.

உங்கள் நோட்டீசிலும் அப்படி ஒரு பட்டியல் போடுங்கள். 'ஒரு மாதக் கழுவல்', 'இறக்கை அடிப்பக்கம் ஒரு தடவை துடைப்பு', 'ஒரு ரிவெட் வரிசைக்கு அரிப்புத் தடுப்பு எண்ணெய்', 'கூரைத் தகடு ஒன்று'. பிறந்தநாளுக்கு ஒரு மாதக் கழுவலை ஏற்றுக்கொண்ட வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்து, கையில் துணியைக் கொடுத்துத் துடைக்க விடுங்கள். அந்தப் பிள்ளை வருஷா வருஷம் வரும். திரட்டியதில் பாதியையாவது வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியை மட்டும் எடுங்கள். அதுதான் உங்கள் சாவா மூவாப் பேராடு.

ஊரில் யார் கொடுப்பார்கள் என்று தயங்காதீர்கள். உலோக அரிப்பையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருப்பதே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான். மின்வேதியியல் என்ற பெயரே பலருக்குப் புரியாத காலத்தில் கொடுத்திருக்கிறார். அந்த நிறுவனம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடல்காற்றில் உலோகத் தகடுகளைப் பல வருஷம் வைத்துச் சோதிக்கிறது. இந்த மாதிரிப் பொறுமையான ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க அரசாங்கங்கள் தயங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ராக்கெட் கிளம்புவதை எல்லோரும் கைதட்டிப் பார்க்கிறோம், பாம்பன் பாலத்தின் ஆணி என்ன ஆகிறது என்று பார்ப்பவருக்கும் சம்பளம் வேண்டும்.

இடம் தேர்வு செய்வதில் ஒரு வார்த்தை. டியூ-142 என்ற பெரிய கடற்படை விமானம் 2017 மார்ச் 29 அன்று நம் அரக்கோணம் ராஜாளி தளத்தில்தான் ஓய்வு பெற்றது. அதே வருஷக் கடைசியில் விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கூட்டம் வருகிறது, டிக்கெட் காசும் வருகிறது. ஆனால் சாலையைத் தாண்டினால் கடல். அங்கே பராமரிப்பவர்கள் பாடு எப்படியிருக்கும் என்று இப்போது உங்களுக்குப் புரியும். உங்களிடம் கன்னியாகுமரி போகிற பேருந்தெல்லாம் பார்க்கிற மாதிரி கடலோரமாக வைக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் மறுத்துவிட்டு, வடக்கே உள்நாட்டுப் பக்கம் தள்ளிப் பாருங்கள். கயத்தாறில் போர்க்காலத்து ஓடுதளமே ஒன்று உண்டு. பழைய விமானத்துக்கு அதைவிடப் பொருத்தமான அக்கம்பக்கம் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் செய்ய வேண்டியது ஒன்று, அதற்குச் சில நூறு ரூபாய் போதும். ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி, நீங்கள் மனதில் வைத்திருக்கும் இடத்தில் நிழலில் தொங்கவிடுங்கள். விடியற்காலை ஒரு அளவு, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு அளவு. பக்கத்தில் வழவழப்பான அலுமினியத் தகடு ஒன்றைக் கூரைக்கு அடியிலும், இன்னொன்றை வெட்டவெளியிலும் கட்டி வையுங்கள். ஒரு ஐப்பசியும் ஒரு ஆடியும் முழுசாகப் போகட்டும். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே நோட்டில் எழுதலாம். அந்த நோட்டையும் இரண்டு தகடுகளையும் கையில் எடுத்துக்கொண்டு நிதி கேட்கப் போங்கள், அண்ணாச்சி. முதல் மாத அளவை எனக்கும் அனுப்பி வையுங்கள்.