நெகட்டிவ் வந்த குழாய்களில் என்ன இருந்தது?

"நெகட்டிவ்னு வந்திருக்கு மேடம். அப்போ பிள்ளைக்கு இது என்ன காய்ச்சல்?"

2020 கடைசியில் எங்கள் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் அடிக்கடி வந்த கேள்வி இது. அப்போது கையில் இருந்த பரிசோதனைக்குத் தெரிந்ததெல்லாம் கொரோனா இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். பிள்ளைக்கு மூக்கு ஏன் ஒழுகுகிறது என்பது அதற்குத் தெரியாது.

அதனால் நெகட்டிவ் வந்த சாம்பிள் குழாய்களில் சிலவற்றை, பெயரை நீக்கிவிட்டு, பல வைரஸ்களின் மரபணுவை ஒரே தடவையில் தேடும் மல்டிபிளெக்ஸ் பிசிஆரில் போட ஆரம்பித்தோம். ஃப்ளூ, ஆர்எஸ்வி (கைக்குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ்), அடினோ (சளி, காய்ச்சல் தரும் இன்னொரு வைரஸ்), ரைனோ (சாதாரணச் சளிக்கு முக்கியக் காரணமான வைரஸ்), அப்புறம் வெகுகாலமாக நம்மோடு இருக்கும் நான்கு ஜலதோஷக் கொரோனாக்கள் (229இ, ஓசி43, என்எல்63, எச்கேயு1) எல்லாவற்றையும் ஒரே சாம்பிளில் தேடலாம். ஃப்ளூ ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. ரைனோ மட்டும் அசையவில்லை.

எங்களுக்கு மட்டும் இப்படி இல்லை. 2020 செப்டம்பரில் பள்ளிகள் திறந்ததும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ரைனோ ஏறியது. சில வாரங்களில் ஹாங்காங்கிலும் முகக்கவசம் போட்ட பிள்ளைகளிடையே அதே கதை. ஃப்ளூவுக்கும் கொரோனாவுக்கும் மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் சானிடைசர் அதைக் கரைத்துவிடும். ரைனோவுக்கு அந்த உறையே கிடையாது. சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் விரட்ட வேண்டும். போதாக்குறைக்கு 160-க்கும் மேற்பட்ட வகைகள்.

சாதாரணச் சளியை எண்ணிக் கணக்கு வைத்து என்ன ஆகப்போகிறது என்று சக மருத்துவர்களே கேட்டார்கள். ரைனோ ஏறுகிறது என்றால் பிள்ளைகள் மறுபடி ஒன்றாகப் புழங்குகிறார்கள் என்று அர்த்தம். ஊரடங்கு காகிதத்தில் எப்படி இருக்கிறது என்பது வேறு, மூக்கு சொல்வது வேறு. காய்ச்சல் பிரிவில் திடீரென்று கூட்டம் கூடும்போது அது அடுத்த அலையா, வெறும் ரைனோவா என்று தெரியாமல் படுக்கை ஒதுக்குவது இருட்டில் துழாவுவதுதான். 2021-இல் அமெரிக்காவில் குளிர்கால நோயான ஆர்எஸ்வி கோடையிலேயே கிளம்பியது. குறைமாதக் குழந்தைகளுக்கான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரத) ஊசியைப் பருவம் பார்த்துப் போட்டுவந்தவர்கள் நாட்காட்டியை ஓரம் வைக்க வேண்டியதாயிற்று. ஃப்ளூவிலோ, பி/யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்குமே அகப்படவில்லை. விடாமல் தேடிக்கொண்டிருந்ததால்தான் 'இல்லை' என்று சொல்ல முடிகிறது.

சரி, எண்ணுவதிலும் வழுக்கல்கள் உண்டு. இந்த வாரம் பத்து ரைனோ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது, எத்தனை பேரைப் பரிசோதித்ததில் பத்து என்பதும் வேண்டும். நன்றாக ஓடியாடும் குழந்தையின் மூக்கிலும் ரைனோ இருக்கும். சளி போய்ச் சில வாரம் ஆன பிறகும் வைரஸின் மிச்சத் துணுக்குகளைப் பிசிஆர் பிடித்துக்கொள்ளும்.

பிசிஆர் திரையில் நான் முதலில் பார்ப்பது வைரஸைக் காட்டும் கோடே அல்ல. ஒவ்வொரு குழாய்க்கும் இன்னொரு கோடு ஓடும், அது மனித மரபணு ஒன்றைத் தேடுவது. மூக்கின் செல்கள் குச்சியில் ஒட்டியிருந்தால் அந்தக் கோடு வளைந்து மேலே ஏறும். தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தால், குச்சி மூக்கு வாசலோடு திரும்பிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு நெகட்டிவ் என்று எழுதக் கூடாது, மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

தொலைபேசியில் அப்படிக் கேட்ட ஓர் அம்மாவின் பிள்ளைக்கு மறுபடி எடுத்துப் பார்த்ததில் ரைனோதான். "அதுக்கு என்ன மருந்து மேடம்?" தனியாக மருந்து இல்லை, ஆன்டிபயாடிக் வேண்டாம், மூச்சு இழுத்தால் மட்டும் உடனே கூட்டி வாருங்கள், சளி அடங்கும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்றேன். பிறகு நானும் ஒன்று கேட்டேன்: மூக்கு ஒழுக ஆரம்பித்தது என்றைக்கு? யோசித்து, ஞாயிற்றுக்கிழமை என்றார். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. பத்தில் ஏழெட்டு அங்கே காலியாகத்தான் வரும். அந்தத் தேதி இல்லாவிட்டால் இது புதுத் தொற்றா, போன மாதத்து மிச்சமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.