ஆடிட்: கணக்கைக் கேட்பதா, ஆய்வதா?

"எல்லாத்தையும் ஆடிட்டர்கிட்ட குடுத்தாச்சும்மா." சிங்கப்பூரில் தேக்கா பக்கம் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் போன வருடம் என்னிடம் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. விசாரித்துப் பார்த்தால், அவர் ஆடிட்டர் என்று சொன்னவர் மாதம் ஒருமுறை வந்து ரசீதுகளைக் கணினியில் ஏற்றிவிட்டுப் போகிற ஒரு தம்பி. அவர் ஆடிட்டரும் இல்லை, அந்தக் கடைக்கு ஆடிட் தேவையும் இல்லை. ஆனால் ஆடிட் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அண்ணன் இரண்டு வருடத்து ரசீதுகளைக் குப்பையில் போட்டுவிட்டார். அன்றைக்கு எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அந்தச் சொல்லை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவோம்.

ஆடிட் லத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் 'அவுதிரே', அதாவது காதால் கேட்பது. நாம் நாள்தோறும் சொல்லும் ஆடியோவும் ஆடிட்டோரியமும் அதே வேரில் பிறந்தவை. இடைக்கால இங்கிலாந்தில் நிலப்பிரபுவின் வரவு செலவை அவருடைய ஆள் உரக்கப் படிப்பான்; பொறுப்பானவர் உட்கார்ந்து கேட்டு, தப்பு இருந்தால் நிறுத்திக் கேள்வி கேட்பார். அப்படிக் கேட்டவர்தான் ஆடிட்டர்.

இதைப் படித்ததும் எனக்கு நம் 'கேள்' என்ற சொல் ஞாபகம் வந்தது. காதில் வாங்குவதும் கேட்பதுதான், வினவுவதும் கேட்பதுதான். திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே கேள்வி என்றால் வினா இல்லை, செவிவழி அறிவு. சோழர் காலத்தில் அரசன் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு எழுத்தில் கொண்டுவந்த அதிகாரிக்குத் 'திருவாய்க்கேள்வி' என்றே பெயர். "கணக்குக் கேட்டார்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தக் கால ஆடிட்டர் காதால் செய்த வேலையும் அதற்கு அடுத்து வாயால் செய்த வேலையும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

கேட்பவர் ஒரு பக்கம் என்றால் சொல்பவர் மறுபக்கம். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவித்தோம். கணக்கையும் ஒப்புவிப்பது உண்டு. மனப்பாடமாகச் சொல்வதற்கும் பொறுப்போடு ஒப்படைப்பதற்கும் தமிழில் ஒரே சொல். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்கள் சேர்ந்திருந்து தொழில் பார்த்த கட்டடங்களில், வட்டித் தொழில் நடந்த காலத்தில், செட்டிநாட்டு முதலாளிக்காக இங்கே கடை பார்த்த ஏஜெண்டு பேரேட்டையும் ஐந்தொகையையும் (இருப்புநிலைக் கணக்கு) ஒழுங்காக வைத்திருந்து, தவணை முடிந்து ஊர் திரும்பும்போது கணக்கை ஒப்புவித்தாக வேண்டும். தவணை பெரும்பாலும் மூன்று வருடம்.

கணக்குக் 'காட்டுவது' இதற்கெல்லாம் மூத்தது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 921. ஊர் வாரியத்துக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று விதி எழுதியிருக்கிறார்கள். பொறுப்பில் இருந்துவிட்டுக் 'கணக்குக் காட்டாதே' இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் இவ்வளவு கறாராக இருந்திருக்கிறார்கள்!

சரி, இன்றைய தமிழில் ஆடிட்டுக்கு என்ன சொல்? பெரும்பாலானவர்கள் 'தணிக்கை' என்பார்கள். திரைப்படத் தணிக்கையும் அதே சொல்தான். 'தணி' என்ற வினையிலிருந்து வந்தது போலத் தோன்றும். ஆனால் சூடு தணிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அரபியின் 'தன்கீஹ்', உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. சீர்படுத்துவது, துருவிப் பார்ப்பது என்று பொருள். தெலுங்கில் 'தனிகீ' என்பதும் இதுதான். நூற்றாண்டுகள் புழங்கிய சொல், அதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் என் ஓட்டு 'கணக்காய்வு' என்ற சொல்லுக்குத்தான். இலங்கைத் தமிழர் அலுவலகங்களில் இயல்பாக எழுதுகிற சொல் இது. கீரை ஆய்வதைப் பார்த்திருப்பீர்கள். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தண்டாக எடுத்து, பழுத்த இலையைக் கிள்ளி, பூச்சி அரித்ததை ஒதுக்கி, நல்லதை மட்டும் தட்டில் போடுவோம். கணக்கை ஆய்வதும் அந்த மாதிரி வேலைதான். செலவு என்று எழுதியிருக்கும் வரிக்கு ரசீது இருக்கிறதா, ரசீதில் இருக்கும் தொகை வங்கிக் கணக்கில் போயிருக்கிறதா, அது கடைக்கான செலவா வீட்டுக்கானதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தணிக்கை என்ற சொல்லில் எனக்கு இந்தப் படம் வருவதில்லை.

நம் ஆட்கள் கணக்குப் பார்க்கிற எல்லாரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறோம். ஊர்ப் பழக்கம் அது; அங்கே பட்டயக் கணக்காளருக்கே ஆடிட்டர் என்று பேர். சிங்கப்பூரில் அது வேறு வேறு வேலை. தினசரி வரவு செலவைப் பதிவது கணக்கெழுதுதல், என்னைப் போன்றவர்கள் செய்வது. வரிப் படிவம் தயார் செய்து அனுப்புபவர் வரி முகவர். இவர்கள் யாரும் கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு அக்ராவில், அதாவது கணக்கியல், நிறுவன ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு பெற்ற பொதுக் கணக்காளராக இருக்க வேண்டும்.

யாருக்குத்தான் கணக்காய்வு கட்டாயம்? தனி உரிமையாளர் கடைக்கும் கூட்டாண்மைக்கும் கம்பெனிச் சட்டத்தின் கணக்காய்வு கிடையாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், 2015 ஜூலை 1 முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்குச் 'சிறு நிறுவன' விலக்கு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1 கோடி வெள்ளிக்கு மேல் போகக் கூடாது, மொத்தச் சொத்து 1 கோடி வெள்ளிக்கு மேல் போகக் கூடாது, ஊழியர் 50 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த மூன்றில் இரண்டு, அடுத்தடுத்த இரண்டு நிதியாண்டுகளுக்குப் பொருந்தினால் போதும். ஒரு குழுமத்தில் சேர்ந்த கம்பெனி என்றால் குழுமம் முழுவதையும் சேர்த்து அளப்பார்கள். விலக்குக் கிடைத்தாலும் நிதி அறிக்கை தயாரிக்க வேண்டும், வரிப் படிவம் போட வேண்டும்.

அப்புறம் ஐராஸ், அதாவது உள்நாட்டு வருவாய் ஆணையம், செய்கிற ஆடிட் தனி. அதை 'வரிச் சோதனை' என்று சொன்னால் குழப்பம் வராது. கம்பெனிச் சட்டத்தில் விலக்குப் பெற்றவருக்கும் இந்தச் சோதனை வரலாம். தனிக்கடைக்காரருக்கும் வரலாம். அப்போது அவர்கள் கேட்பது ரசீதையும் பேரேட்டையும்தான். "ஆடிட்டர்கிட்ட குடுத்தாச்சு" என்ற பதில் அங்கே எடுபடாது, பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. பதிவுகளை மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கணக்குக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026, அதனால் அந்தக் காகிதங்களுக்கு 2030 டிசம்பர் 31 வரை வேலை இருக்கிறது.

பொருள் சேவை வரிக்குப் பதிந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கிய வரி 2024இலிருந்து 9 விழுக்காடு. 1,090 வெள்ளிக்குச் சரக்கு வாங்கினால் அதில் 90 வெள்ளி வரி. அந்த 90ஐ உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கேட்க, விற்றவருடைய பதிவு எண் போட்ட வரி விலைப்பட்டியல் (டாக்ஸ் இன்வாய்ஸ்) கையில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் 90 வெள்ளி உங்கள் செலவுதான்.

அந்த அண்ணன் கடைக்கு மறுபடி போனபோது மிச்சமிருந்த ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பாதி வெள்ளைத் தாளாகிவிட்டது. கல்லா இயந்திரத்தில் வருவது வெப்பத்தில் அச்சாகும் தாள், வெயில் படும் ஜன்னலோரத்தில் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தோம். ஒன்றில் தேதி தெரிந்தது, தொகை தெரியவில்லை. ஒன்றில் தொகை மட்டும். தெளிவாக இருந்ததை எல்லாம் அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து, மாதவாரியாகப் பிரித்து வைத்தோம்.

"இனிமே அந்தத் தம்பிய என்னன்னு கூப்பிடுறதும்மா?" என்று கேட்டார்.

கணக்கர் என்று கூப்பிடுங்கள் அண்ணே, நல்ல பழைய சொல் என்றேன். மறுவாரம் போனபோது டின் மூடியில் அவரே மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்: 'கணக்கர் தம்பி பார்க்க. 2030 வரை வீசக் கூடாது.'