வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால் பிள்ளைகளுக்கும் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள்

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் டிபி உறுதியானால், அந்த வீட்டுப் பிள்ளைகளையும் அரசு இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். அவர்களுக்கு நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை தர வேண்டும். தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் உள்ளதுதான் இது. ஆனால் நடப்பது என்ன? "பிள்ளைக்கு இருமல் இல்லையே, அப்புறம் எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தடுப்பு மாத்திரையே நோய் வராத பிள்ளைக்குத்தான், அதனால் அந்தக் கேள்விக்கு மசியாதீர்கள்.

அடுத்த தட்டிக்கழிப்பு, "பிசிஜி போட்டாச்சுல்ல". பிறந்ததும் போடும் பிசிஜி தடுப்பூசி சின்னக் குழந்தைகளை மூளையைத் தாக்கும் டிபி போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கும், ஆனால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்று 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது. கையில் தழும்பு இருப்பது பரிசோதனையை மறுக்கக் காரணமே இல்லை. தழும்பு இல்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மறுபடி பிசிஜி போடவும் வேண்டாம், அது ஒரு வயதுக்குள் போடுகிற ஊசி.

ஐந்து வயதுக்குக் கீழே என்றால், நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, தோல் பரிசோதனை இல்லாமலேயே மாத்திரை தொடங்கலாம். அதற்கு மேற்பட்டவர்களுக்கு மாண்டோ ஊசி போட்டுப் பார்ப்பார்கள், அதுதான் அந்தத் தோல் பரிசோதனை. "ஊசி மருந்து ஸ்டாக் இல்லை, அடுத்த மாசம் வாங்க" என்று சொன்னால், பரிசோதனை வசதி இல்லை என்பதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது என்று விதியே இருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

மாண்டோ போடும் கிழமையைக் கவனியுங்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைப் பார்த்தாக வேண்டும். வியாழக்கிழமை போட்டால் அது சனி, ஞாயிறில் வந்து விழும், ஆள் இருக்கமாட்டார்கள், பிள்ளைக்குக் குத்தியது வீண். திங்கள் அல்லது செவ்வாய் போடச் சொல்லுங்கள். அளக்க வேண்டியது தடிப்பைத்தான், சிவப்பை அல்ல. விரலால் தடவி, ஓரங்களில் பேனாவால் குறித்து, ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் எழுத வேண்டும். தூரத்தில் நின்று பார்த்து "நெகட்டிவ்" என்றால், அளந்து எழுதித் தரக் கேளுங்கள்.

டிபி உள்ளவர் தனியார் மருத்துவமனையில் மருந்து எடுத்தால் இன்னொரு சிக்கல். அந்த மருத்துவமனையும் நோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். தெரிவிக்காவிட்டால் உங்கள் வீட்டைத் தேடி எந்தச் சுகாதாரப் பணியாளரும் வரமாட்டார், நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகையும் வராது. அரசின் டிபி பதிவேட்டில் நோயாளிக்குத் தரும் நிக்ஷய் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தடுப்பு மாத்திரை மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு இந்தத் தொகை கிடையாது, அதற்காக அலையாதீர்கள்.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள், அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும்தான் வரும். தடுப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளை நோயாளி அல்ல, அதை வகுப்பிலிருந்து நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. கண் மஞ்சளானாலோ விடாமல் வாந்தி எடுத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கேயும் வழி கிடைக்காவிட்டால் 1800-11-6666, கட்டணமில்லா எண். மறுத்தவர்களிடம் அந்தக் காரணத்தை ஓபி சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.